திங்கட்கிழமைப் பட்டியல்

ஆபீஸில் அவளுக்கு ரூல்ஸ் அக்கா என்று பெயர். நேரில் வெறும் அக்கா. ஆள் நகர்ந்த பிறகு முழுப்பெயர். அவளுக்கும் அது தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொள்வாள்.

வீட்டுக்கே நர்ஸை வரவழைக்கும் செயலி ஒன்றை அந்த நிறுவனம் நடத்தியது. அதில் முந்நூறு திரைகள். முன்பெல்லாம் ஐந்து குழுக்களும் ஐந்து விதமாக வரைந்து தள்ளின. 'சரி' என்ற பொத்தான் மட்டுமே பதினேழு வகை. ஒன்று பச்சை, ஒன்று நீலம், ஒன்று எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடவேண்டும். அக்கா மூன்று வருஷம் மல்லுக்கட்டி, பொத்தான், பெட்டி, எழுத்தின் அளவு, நிறம் என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் செய்து வைத்தாள். டிசைன் சிஸ்டம் என்பது அதுதான். எல்லாரும் அங்கிருந்தே எடுக்கவேண்டும். அங்கே ஒன்றைத் திருத்தினால் முந்நூறு திரையிலும் திருந்திவிடும். யாராவது அவசரத்தில் இணைப்பை வெட்டி இஷ்டத்துக்கு மாற்றினால், அந்தத் துண்டு தனியாகப் போய்விடும். பிறகு எந்தத் திருத்தமும் அதை எட்டாது.

வெட்டுகிறவர்களைக் கண்டால் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டிலும் இதே கதைதான். சமையலறை டப்பா எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். காபியில் உப்பைப் போட்டுக் குடித்த கணவர், "உன் சிஸ்டத்துல மனுஷன் தப்பு பண்ண இடம் இருக்கா இல்லையா?" என்று ஒருநாள் கேட்டே விட்டார்.

திங்கட்கிழமைதோறும் நாற்பது பேருக்கும் அவளிடமிருந்து மெயில் போகும். எந்தத் திரையில் வெட்டுப்பட்ட துண்டு இருக்கிறது, அந்தத் திரைக்கு யார் பொறுப்பு என்ற பட்டியல். பெயர்கள் சிவப்பில். அதில் இரண்டு வருஷமாக நிரந்தர இடம் பிடித்திருந்தவர் சைலன்ட். வாயைத் திறக்காத மனிதர் என்பதால் ஆபீஸ் வைத்த பெயர். நர்ஸ் வரும் நாளை மாற்றும் திரை அவர் பொறுப்பு.

"நான் வெட்டின ஞாபகம் இல்லக்கா," என்று ஒருமுறை வந்து நின்றார். "திரும்ப இணைச்சுப் பார்த்தேன். நர்ஸோட போன் நம்பருக்கு இடமே இல்ல, வெளிய விழுது."

"ஞாபகம் இல்லைன்னா நடக்கலைன்னு அர்த்தமா?" என்றாள் அக்கா. அவர் போய்விட்டார். இதைச் சொல்லும்போது எனக்கே அவள்மேல் எரிச்சல் வருகிறது.

போன வாரம் ஒரு புகார் வந்தது. அறுவை சிகிச்சை முடிந்த பெரியவர் ஒருவருக்குக் கட்டு மாற்றும் நாளைத் தள்ளிவைக்கப் போன மகள், கை தவறி 'ரத்து' பொத்தானை அழுத்திவிட்டாள். மற்ற திரைகள் 'நிச்சயமா?' என்று ஒருமுறை கேட்டிருக்கும். இணைப்பு வெட்டுப்பட்டிருந்ததால் அந்தத் திருத்தம் சைலன்டின் திரைக்குப் போய்ச் சேரவில்லை. நாள் மாறிவிட்டது என்று நம்பிக் காத்திருந்தார்கள். நர்ஸ் வரவில்லை. புண்ணில் சீழ் கட்டிவிட்டது.

பெரியவருக்காக அக்கா நிஜமாகவே வருத்தப்பட்டாள். கூடவே, கேட்கவே கூசுகிற ஒரு நிம்மதியும் வந்தது. டிசைன் சிஸ்டத்தை ஐந்து குழுவுக்கும் கட்டாயமாக்கலாமா என்று முடிவெடுக்கும் கூட்டம் அந்த வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு. இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? சைலன்டின் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது என்பதும் அவளுக்குத் தெரியும்.

அன்று காலை பத்து மணிக்கு, வெட்டப்பட்ட தேதியைக் காட்டினால் எடுப்பாக இருக்கும் என்று அந்தத் திரைக் கோப்பின் பழைய பதிவுகளைத் திறந்தாள். இரண்டு வருஷம் முன்னால் ஒரு புதன்கிழமை. சைலன்ட் வேலைக்குச் சேர்வதற்கு ஒன்பது நாள் முன்பு. பக்கத்தில் அவளுடைய பெயர். கீழே அவளே எழுதிய குறிப்பு: 'நர்ஸ் போன் நம்பருக்கு இடமில்லை. நாளை சரிசெய்ய வேண்டும்.'

வாய் திறக்காவிட்டால் யாரும் தோண்டப் போவதில்லை. மூன்று வருஷ உழைப்பு கைகூடும். திறந்தால், காவல்காரியே வேலி தாண்டினாள் என்று ஐந்து குழுவும் கைகொட்டிச் சிரிக்கும். கழிவறைக்குப் போய் முகம் கழுவினாள்.

கூட்டத்தில் அந்தப் பதிவை அப்படியே பெரிதாகப் போட்டுக் காட்டி, எதிரே உட்கார்ந்திருந்த சைலன்டைப் பார்த்தபடி சொன்னாள். "வெட்டினது நான். இவர் இல்ல. இடம் பத்தலைன்னு இவர் என்கிட்ட வந்து சொன்னார். நான் காது குடுக்கல."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மேலாளர் பேனாவை மூடினார். "கட்டாயம் இப்போதைக்கு வேண்டாம். ஆறு மாசம் கழிச்சுப் பேசலாம். பட்டியல்ல இருக்கிறவங்க ஏன் வெட்டினாங்கன்னு முதல்ல கேட்டுட்டு வாங்க."

சாயங்காலம் நான்கு மணிக்கு சைலன்டின் மேஜைக்குப் போனாள். "மன்னிச்சிடுங்க தம்பி," என்றாள்.

அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. திரையைப் பார்த்தபடியே பேசினார். "ரெண்டு வருஷம்க்கா. எப்பவோ நானே பண்ணிட்டு மறந்துட்டேன்னு நம்பிட்டேன். அதுலேர்ந்து எதைச் செஞ்சாலும் நாலு தடவை சரிபார்ப்பேன். வீட்டுக் கதவைப் பூட்டினாக்கூட. என் பொண்டாட்டி கிண்டல் பண்ணுவா."

அக்கா அவர் திரையில் இருந்த நர்ஸ் நம்பரைப் பார்த்தாள்.

"அந்த நம்பருக்கு ஒரு இடம் பண்ணிக் குடுங்க," என்றார். "நான் இப்பவே திரும்ப இணைச்சிடறேன்."

அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பொதுப் பெட்டியில் ஒரு வரியைக் கூட்டினாள். பத்து நிமிஷ வேலை. அவர் இணைத்தார். நம்பர் உள்ளே ஒழுங்காக உட்கார்ந்தது. 'ரத்து' பொத்தானை அழுத்தினால், 'நிச்சயமா?' என்று கேட்டது.

"சரியா இருக்கு," என்றாள்.

அவர் மறுபடி அழுத்திப் பார்த்தார். அப்புறம் இன்னொரு தடவை. நான்காவது தடவையும் பார்த்து முடிக்கும்வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.