சிவப்பு மையில் ஒரு ‘சரி’

அந்த நோட்டுத் தாளில் வைக்கோல் வாடை அடிக்கும். ஆட்சி மாறியபின் சைகோன் கடைகளில் கிடைத்த பழுப்புத் தாள் அது. பேனாவைச் சற்று அழுத்தினால் மை பரவி எழுத்தெல்லாம் வீங்கிப்போகும். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. உம்மா இல்லாத வீடு. வாப்பாவின் துணிக்கடைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். காரைக்காலுக்குத் திரும்ப எங்கள் பெயரைப் பதிந்துவிட்டு, பூட்டிய கடையின் மாடியில் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பார். என் அண்ணன், நாங்கள் ‘நானா’ என்போம், அவர் காகிதங்களில் ஏதோ குறை என்று பட்டியலில் சேர்க்கவில்லை. அவர் கடலோர ஊரான ராக் யாவுக்கு ஐஸ் ஆலை வேலைக்குப் போனார். அங்கிருந்து படகுகள் ரகசியமாகக் கிளம்புகின்றன என்பது எங்களுக்குத் தெரியும், வாய்விட்டுச் சொல்வதில்லை.

கடிதங்களை எங்கள் வட்டாரத் தலைவர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார். வியட்நாமியும் பிரெஞ்சும் அவருக்கு அத்துபடி. தமிழ் எழுத்தைக் கண்டால் ஏதோ சதி என்று பறித்துக்கொள்வார். அதனால் நானா ஒரு வழி கண்டுபிடித்தார். என் இங்கிலீஷ் பயிற்சி நோட்டு பஸ்ஸில் அவருக்குப் போகும், சிவப்பு மையில் திருத்தி அனுப்புவார். ‘என் மாமா அரிசி வாங்கவில்லை’ என்று நான் எழுதினால் அந்த வாரம் எங்களுக்கு ரேஷன் வரவில்லை என்று பொருள். தலைவருக்கு இங்கிலீஷ் தெரியாது. சிவப்புத் திருத்தங்களைப் பார்த்து, படிக்கிற பிள்ளை என்று என் தலையில் தட்டிக்கொடுப்பார்.

மழைக்காலத்தில் ஒருமுறை, ‘என் நண்பன் அடுத்த வாரம் கடல் பார்க்கப் போகிறான், அவன் தகப்பனார் என்ன சொல்கிறார்?’ என்று நானா எழுதியிருந்தார். படித்துச் சொன்னதும் வாப்பா எழுந்து நின்றுவிட்டார். போன மாதம் அதே கரையிலிருந்து போன படகைப் பற்றி யாருக்கும் ஒரு தகவலும் இல்லை.

"போவக் கூடாதுன்னு எழுது புள்ளே. நான் உசுரோட இருக்குற வரைக்கும் கூடாது. கெஞ்சாதே, கண்டிச்சு எழுது."

தடுத்துச் சொல்லும் சொற்களை நானாவே எனக்கு வரிசைப்படுத்திக் கொடுத்திருந்தார். ‘அட்வைஸ்’ என்றால் போகாமலிருப்பது நல்லது, ஆனால் முடிவு உன் கையில். ‘வார்ன்’ என்றால் போனால் ஆபத்து. ‘ஃபர்பிட்’ என்றால் கதவைச் சாத்தியாயிற்று, மேற்கொண்டு பேச்சில்லை. வாப்பா கேட்டது மூன்றாவது என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அப்போது ஊரில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் ‘காம்’, ‘காம்’ என்று வியட்நாமியில் தடைப் பலகைதான். நிற்கத் தடை, கூடத் தடை, விற்கத் தடை. அந்தச் சொல்லை வாப்பாவின் வாயில் வைக்க எனக்குப் பிடிக்கவில்லை. இருவரும் சண்டை போட்டுக்கொண்டுதான் பிரிந்திருந்தார்கள், மறுபடி முறைத்துக்கொள்வார்களே என்ற பயம் வேறு. பெரிய மத்தியஸ்தம் செய்வதாக நினைத்துக்கொண்டு, ‘போகவேண்டாமென்று தகப்பனார் அட்வைஸ் செய்கிறார்’ என்று எழுதியனுப்பினேன். வாப்பாவிடம் ‘ஃபர்பிட்’ போட்டதாகச் சொன்னேன்.

எட்டு நாளில் நோட்டு திரும்பியது. அந்த வாக்கியத்தின் பக்கத்தில் சிவப்பில் ‘சரி’ போட்டிருந்தது. கீழே, ‘நண்பன் தகப்பனாரின் அட்வைஸுக்கு நன்றி சொன்னான்’ என்று ஒரு வரி. அதற்குள் நானா கடலில் இருந்தார். அதன்பின் எந்தக் கரையிலிருந்தும் அவரைப் பற்றி ஒரு சேதியும் வரவில்லை.

காரைக்காலில் வாப்பா இன்னும் பதினோரு வருஷம் உயிரோடிருந்தார். யார் கேட்டாலும், "அவ்வளவு கண்டிச்சும் போனான், பெத்தவன் பேச்சை மதிக்காதவன்" என்பார். தொழுகைக்குப்பின் கையேந்தி எல்லோருக்காகவும் துஆ கேட்பார், நானாவின் பெயரை மட்டும் சேர்க்கமாட்டார். உண்மையைச் சொன்னால் அந்தக் கோபம் என்மேல் திரும்பும். அதைத் தாங்க எனக்குத் தைரியமில்லை. படுக்கையில் விழுந்தபின் ஒருநாள், "நீ கண்டிச்சுத்தானே புள்ளே எழுதுனே?" என்று கேட்டார். "ஆமா வாப்பா" என்றேன்.

சென்ற வருஷம் சைகோனுக்குப் போனேன். கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். வட்டாரத் தலைவர் மேசை போட்டிருந்த மூலையில் காபிக் கடை. எங்கள் தெருவில் தமிழ் பேசுகிறவர் ஒருவரும் இல்லை. கையோடு கொண்டுபோன நோட்டில் வைக்கோல் வாடை போய்விட்டது, சிவப்பு மை இன்னும் மங்கவில்லை. பள்ளிவாசலில் பெண்கள் பகுதியில் உட்கார்ந்து நானாவுக்காகக் கையேந்தினேன். வாப்பா கேட்காமல் விட்ட துஆ அது. அவரைக் கேட்கவிடாமல் செய்தவள் நான்.