எண்ணெய் விட்ட லென்ஸ்

லென்ஸுக்கு எவனாவது எண்ணெய் விடுவானா? என் அறைத்தோழன் விட்டான். தையல் மிஷின் எண்ணெய். திருநெல்வேலிக்காரன், ஜெர்மனியில் கார்ஹிங்கில் என்னோடு ஆய்வுக்கூடத்தில் இருந்தவன். ஹம்பேர்க் போனபோது ஒரு பழைய காமிராவை வாங்கிவந்தான். வெளிச்சத்தைக் கட்டுப்படுத்த லென்ஸுக்குள் மெல்லிய தகடுகள், பொத்தானை அழுத்திய கணத்தில் சுருங்கி, பிறகு விரியும். அவை ஒட்டிக்கொண்டு நின்றன.

"டேய், அது டிரையா இருக்கணும்டா. ஆயில் பட்டா அவ்வளவுதான்" என்றேன்.

"எலேய், எண்ணெய் விட்டா ஓடாத மிஷின் ஒண்ணு காட்டு பாப்போம். எங்க ஊர்ல கதவு, சைக்கிள், மாமியா வாயி, எல்லாத்துக்கும் அதான்."

அறைச் சூட்டில் தகடுகள் ஓடின. என்னை "புரொபசரே" என்று கூப்பிட்டுக் கேலி செய்தான்.

அது எழுபதுகளின் தொடக்கம். அந்தக் குளிர்காலத்திலேயே பஸ் நிறுத்தத்தில் சுருண்டு விழுந்தான். மாரடைப்பு. உடலை ஊருக்கு அனுப்ப வழியில்லை. அவன் தம்பியிடமிருந்து தந்தி வந்தது: எரித்துவிடலாம், முகத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பவும், பார்க்காமல் அண்ணன் மனைவி தாலியைக் கழற்ற மறுக்கிறாள். ஊரில் என்றால் பிணத்தை நாற்காலியில் உட்கார்த்தி, சுற்றிலும் சொந்தக்காரர்கள் நின்று படம் எடுப்பார்கள். இங்கே நான் ஒருவன்தான். கையில் அவனுடைய காமிரா.

பிண அறை விறைத்துக் கிடந்தது. முகத்துக்குக் கிட்டே போய் பிளாஷ் போட்டு எடுத்தேன். அன்று மாலை குளியலறையில் கழுவிப் பார்த்தால் பெட்டி தெரிந்தது, பூ தெரிந்தது, டை முடிச்சு தெரிந்தது. காலருக்கு மேலே ஒன்றுமில்லை. வெறும் வெள்ளை. எல்லாப் படத்திலும் அப்படியே.

பிளாஷைச் சோதித்தேன், சரியாக இருந்தது. ஷட்டரும் சரி. அப்புறம்தான் புத்தி வந்தது. காமிராவை வெளி ஜன்னல் விளிம்பில் பனியில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு உள்ளே கொண்டுவந்தேன். லென்ஸை நன்றாகச் சுருக்கி வைத்து, அதற்குள் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்தினேன். ஷட்டர் திறந்து மூடிய பிறகு, தகடுகள் கிழட்டு மாடு எழுந்திருப்பதைப்போல நகர்ந்தன. குளிரில் எண்ணெய் கெட்டியாகிவிட்டது. முழுசாகத் திறந்த லென்ஸ் வழியே பிளாஷ் வெளிச்சம் மொத்தமும் பாய்ந்து முகத்தைத் தின்றிருந்தது. தகடுகளில் எண்ணெய் பளபளத்தது. அவன் கட்டிலைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். பதிலுக்குத் திட்ட ஆள் இல்லை.

மறுநாள் காலையில் எரிக்கிறார்கள். லென்ஸைப் பிரிக்க என்னிடம் கருவி கிடையாது. தகடுகளே வேண்டாம் என்று முடிவுசெய்தேன். லென்ஸை முழுக்கத் திறந்து, பிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில் எடுப்பது. ஷட்டர் மெதுவாக விழுந்தால் என்ன? அவன் அசையப் போவதில்லை. எரிப்பதற்கு முன்னால், விடிந்ததும் போய் நின்றேன்.

"நேற்றுதானே எடுத்தீர்கள்?" என்று ஜெர்மனில் கேட்டார் பிண அறைக்காரர்.

"முகம் விழவில்லை."

"முகம் இங்கேதான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, பெட்டியை ஜன்னலோரம் தள்ளிக் கொடுத்தார்.

இந்தமுறை முகம் விழுந்தது. இமைமயிர்கூடத் தெரிந்தது. ஆனால் முழுக்கத் திறந்த லென்ஸில் குறிவைத்த தூரத்தில் மட்டும்தான் துல்லியமாக விழும், முன்னும் பின்னும் மங்கிவிடும். பெட்டி, தலையணை, பூ எல்லாம் புகையாகக் கரைந்திருந்தன. அதைப் பற்றி யோசிக்காமல் அனுப்பிவைத்தேன்.

கொஞ்ச நாளில் தம்பி எழுதினான்: "அண்ணாச்சி, மதினி படத்தை நெஞ்சோட வச்சிக்கிட்டுத் திரியுதாங்க. தூங்குதாரு, எழுப்பாதீங்கன்னு எங்களைச் சத்தம் போடுதாங்க. தாலியைத் தொட விடல. பெட்டி, மாலை தெரியுத மாதிரி வேற படம் இருக்கா?"

இருந்தது. பெட்டியும் பூவும் முகமில்லாத ஒருவனும். அதையா ஒரு பெண்ணுக்கு அனுப்புவது? வேறு படம் இல்லை என்று எழுதிவிட்டேன்.

அவள் கடைசிவரை தாலியைக் கழற்றவில்லையாம். முகம் ஒன்றில், பெட்டி ஒன்றில்; இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அவன் செத்தவன். ஒன்று அவளிடம் போயிற்று. மற்றது இன்னும் என் மேசைக்குள் கிடக்கிறது, கழுத்துக்கு மேல் வெள்ளையாக. எண்ணெய் விடாதே என்றேன். கேட்டானா?