மிளா போன வழி

எனக்குக் கோபம் வந்தால் அடுத்தவர் சொல்வது காதில் ஏறாது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் உண்டு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளும் சரி, வீட்டில் அண்ணனும் சரி, "டீச்சர் முடிவு பண்ணிட்டா அவ்வளவுதான்" என்று சொல்லும்போது எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு அந்தப் பெருமை ஒழிந்தது.

நான் போடியில் விளையாட்டு டீச்சராக இருந்தேன். வில்வித்தையும் சொல்லிக்கொடுத்தேன். காலேஜில் படிக்கிறபோது மாநிலப் போட்டி வரைக்கும் போனவள். ஐம்பது மீட்டர் தூரத்தில் பலகை இருந்தால் இன்றைக்கும் பத்து அம்பில் எட்டு மஞ்சள் வட்டத்துக்குள் இறங்கும். அம்புவிடத் தெரியும் என்றால் எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதுதான் வினை.

அண்ணனுக்குக் குரங்கணிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டம். அந்த வருசம் மழையில் கரண்ட் வேலி கெட்டுப்போய், மிளாக்கள் ஓடை வழியாக உள்ளே ஏறிவந்து ஏலச்செடியின் இளம் தட்டைகளை, அதாவது தண்டுகளை, தின்றுவிட்டுப் போயின. மிளா என்றால் புள்ளிமான் மாதிரிச் சின்னது இல்லை, ஒரு மாடு உயரத்துக்கு நிற்கும். அண்ணன் தினமும் போனில் புலம்புவார். ஒருநாள், "நீயும் வில்லைத் தூக்கிட்டு ஊரெல்லாம் போய் மெடல் வாங்குற, உன் அம்பு அட்டையைத்தான் குத்தும்போல" என்றார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னது. எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது. அடுத்த சனிக்கிழமை வில்லுப் பையோடு ஜீப்பு ஏறிவிட்டேன். மிளாவைத் தொட்டால் ஜெயில் என்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் வன உயிர்ப் பாதுகாப்பைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி நடத்தியவளே நான்தான். தெரிந்துதான் போனேன்.

மறுநாள் காலை ஆறு மணி. சாரல் விட்டிருந்தது. காய் உலர்த்துகிற ஸ்டோருக்குக் கீழே, ஓடையோரத்தில் ஒரு பெண் மிளா தனியாக நின்று மேய்ந்தது. முப்பது அடி எடுத்துவைத்தால் தொட்டுவிடலாம். அண்ணன் பக்கத்தில் நின்று, பயமுறுத்தி விரட்டு போதும் என்று கிசுகிசுத்தார். பிறகு அவரிடம் நானும் அதையே சொன்னேன், விரட்டத்தான் விட்டேன், தவறிப் பட்டுவிட்டது என்று. பொய். தோள்பட்டைக்குப் பின்னால் குறிவைத்துத்தான் நாணை இழுத்தேன். விரலை விட்ட அந்த நொடியில் அது அடுத்த செடிக்காக ஒரு எட்டு முன்னால் வைத்தது. பலகை எந்தக் காலத்திலும் எட்டு வைத்ததில்லை. அம்பு அடிவயிற்றில் ஏறியது.

அது கத்தவில்லை. உடம்பு ஒருதரம் வில்லாய் வளைந்து, பின்னங்காலை உதைத்துவிட்டு, செடிகளுக்குள் புகுந்து காணாமல் போனது. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "ஆத்தா, என்ன சோலி பாத்துட்ட!" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். கொஞ்சம் நிதானம் வந்ததும், வில்லை மூட்டைகட்டு, காட்டுக்குள் செந்நாய் கிடக்கிறது, அது பார்த்துக்கொள்ளும், யாரிடமும் மூச்சு விடாதே என்றார். எனக்கோ, அம்பு பட்டவுடனே எங்கேயாவது விழுந்து உயிர் போயிருக்கும் என்று ஒரு நப்பாசை.

அந்த நப்பாசையை ஸ்டோர் அடுப்புக்கு விறகு போட வந்த அக்கா உடைத்தார். அக்கா என்கிறேனே தவிர அவருக்கும் எனக்கும் ஒரே வயசுதான் இருக்கும். இருபது வருசமாக அந்தத் தோட்டத்தில் காய் எடுக்கிறவர், அங்கேயே குடியிருப்பவர். நடந்ததை அவரும் பார்த்துவிட்டார். "வயித்துல பட்டா வெரசா சாகாது டீச்சரு. கெடந்து துடிக்கும். சாயங்காலம் ஆனாலும் ஆகும்" என்றார். தேடிக் கண்டுபிடித்து அதன் உயிரை நாமே முடித்துவிடுவது ஒன்றுதான் மிச்சம், அதுவும் சீக்கிரமாக. அண்ணன் ஸ்டோரைவிட்டு நகரமாட்டேன் என்றுவிட்டார். அக்கா விறகுக்கட்டில் சொருகியிருந்த அரிவாளை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு என்னோடு கிளம்பினார்.

முதலில் வழி சுலபமாக இருந்தது. அது நின்ற இடத்தில் கொஞ்சம் ரத்தம், பத்தடி தள்ளி ஒரு இலையில் கோடு மாதிரி, அதற்கப்பால் கல்லில் ரெண்டு சொட்டு. நூறு அடியில் அதுவும் நின்றுபோனது. ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து தலையில் மூடிக்கொள்ளும். உள்ளே போனால் பகலிலும் அரை இருட்டு, தரையெல்லாம் ஈரச் சருகு. காலில் அட்டை ஏறி எனக்கே ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போனவள், ஒரு செடித் தூருக்கு அடியில் சருகின் மேல் சிவப்பாகத் தெறித்திருந்ததைக் கண்டேன். நாலு எட்டில் இன்னொன்று. அதற்கடுத்து இன்னொன்று. செடி வரிசையோடு நேராகக் கீழே இறங்கியது.

அக்கா குனிந்து பார்த்தார். அது ரத்தம் இல்லை, நேற்று இந்த வரிசையில்தான் நாங்கள் காய் எடுத்தோம், நாங்கள் துப்பின வெற்றிலை எச்சில் என்றார். காய் எடுக்கிற பொம்பளைகள் செடியின் அடியில் குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து போவார்கள், வாயில் வெற்றிலை இல்லாமல் அந்த வேலை ஓடாது. அவர் சொன்னதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் எனக்குக் கண்ணுக்கு முன்னால் சிவப்பு இருந்தது. அதை விட்டால் வேறு வழியே இல்லாமல் போய்விடும் என்ற பயம் இருந்தது. ராத்திரி பூராவும் சாரல் அடித்ததே, எச்சிலாக இருந்தால் கழுவிக்கொண்டு போயிருக்காதா என்று வக்கீல் மாதிரிக் கேட்டேன். மேலே இலை மூடியிருக்கிறது, அடியில் சாரல் இறங்காது என்றார் அவர். சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "காய் பறிக்கிறது வேற, இது வேற. பேசாம வாங்க" என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப்பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் அண்ணன் தோட்டத்தில் கூலிக்கு வேலை பார்க்கிறவர் என்னை எதிர்த்து என்ன பேசுவார்? என் பின்னாலேயே வந்தார். அந்த நேரத்தில் அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

ஒரு வரிசை இறங்கி, அடுத்த வரிசை ஏறி, மறுபடியும் இறங்கினோம். சிவப்பு எங்களைக் கைவிடவேயில்லை. நிறைய ரத்தம் போயிருக்கிறது, பக்கத்தில்தான் விழுந்து கிடக்கும் என்று நான் வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனேன். கடைசியில் வரிசை முடிகிற இடத்தில் ஒரு பலாமரம். அதன் அடியில் சப்பட்டைக் கல், கல்லைச் சுற்றிக் கிள்ளிப்போட்ட வெற்றிலைக் காம்புகள், பாக்குத் தொலி, ஒரு காலிச் சுண்ணாம்பு டப்பா. நேற்று மத்தியானம் சோறு தின்றுவிட்டு அவர்கள் உட்கார்ந்திருந்த இடம். தரை பூராவும் சிவப்பு. செல்போனை எடுத்து மணி பார்த்தேன். ரெண்டு மணி நேரம் போயிருந்தது.

நான் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா "நான் அப்பவே சொன்னேன்ல" என்று கேட்டிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். அவர் கேட்கவில்லை. எந்திரிங்க டீச்சரு, நேரமாகுது என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். இந்தத் தடவை நான் பின்னால் போனேன்.

கடைசியாக ரத்தம் பார்த்த கல்லுக்கே திரும்பி வந்தோம். அவர் சிவப்பைத் தேடவில்லை. ஒவ்வொரு இலையாக முழங்கால் உயரத்தில் தடவிப் பார்த்தார், விரலை மோந்து பார்த்தார். கல்லிலிருந்து ஏழெட்டு அடியில், ஓடைப் பக்கமாக, ஒரு ஏல இலையின் ஓரத்தில் பச்சையும் பழுப்புமாக ஏதோ அப்பியிருந்தது. நான் முதலில் அதைத் தாண்டித்தான் போயிருந்தேன். பாசி என்று நினைத்துப் பார்வையைத் திருப்பிக்கொண்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. என்னையும் மோந்து பார்க்கச் சொன்னார். மாட்டுச் சாணமும் புளித்த புல்லும் கலந்த வாடை. குடல் கிழிந்தால் ரத்தம் உள்ளேயே நின்றுவிடும், தின்ற இரைதான் வெளியே ஒழுகும் என்றார்.

அந்தப் பச்சையைப் பிடித்துக்கொண்டு போனதில் வழி தடங்கலே இல்லை. ஓடையை ஒட்டி இறங்கிய சகதியில் குளம்பு ஆழமாகப் பதிந்திருந்தது. ஒரு இடத்தில் புல் நசுங்கிக் கிடந்தது, அது படுத்து எழுந்த இடம். முப்பது அடி தள்ளி மறுபடியும் படுத்திருந்தது. அதற்கப்புறம் பத்தடியில் இன்னொரு தடவை. படுக்கவும் முடியாமல், நிற்கவும் முடியாமல், தண்ணீர்ப் பக்கமாகவே நகர்ந்து போயிருக்கிறது. மூன்றாவது இடத்தில் புல்லெல்லாம் வேரோடு பெயர்ந்திருந்தது. நான் அதைக் கண்கொண்டு பார்க்கமுடியாமல் தாண்டிப் போனேன்.

மணி பதினொன்றாகும்போது கண்டோம். பாறைக்குக் கீழே, முன்னங்கால் ரெண்டும் தண்ணீருக்குள் இருக்க, கிடந்தது. அம்பு பாதி முறிந்து வயிற்றிலேயே இருந்தது. கண் திறந்திருந்தது, தெளிவாகவும் இருந்தது, அதனால் உயிர் இருக்கிறதென்று நினைத்து நான் நின்றுவிட்டேன். அக்கா அரிவாளை உருவிக்கொண்டு கிட்டே போனார். குனிந்து, முன்னந்தொடை இடுக்கில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு அரிவாளை இடுப்பிலேயே சொருகிக்கொண்டார்.

"சூடா இருக்கு. இப்பத்தான் போயிருக்கு."

நான் கேட்டிருக்கக்கூடாது. ஆனாலும் கேட்டேன், நேராக இங்கே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. ஆறுதலாக ஏதாவது சொல்லிவிடுவார் என்ற எண்ணத்தில்தான் கேட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

"நேரா வந்திருந்தா நம்ம கையாலயே முடிச்சு விட்டிருக்கலாம் டீச்சரு. ரெண்டு மணி நேரம் துடிக்காம போயிருக்கும்."

அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். ஓடைத் தண்ணீரை அள்ளி அதன் வாயில் ஒட்டியிருந்த மண்ணைக் கழுவிவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கழுவினேன். காது மயிர் அவ்வளவு மிருதுவாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மன்னிச்சிருங்க அக்கா என்றேன். மன்னிக்க எங்கிட்ட என்ன இருக்கு என்றார்.

அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் அடிவாரத்து வனத்துறை ஆபீசுக்கு ஜீப்பு பிடித்தேன். அவர் ஆத்திரத்தில் என்னென்னவோ பேசினார், உன் வேலையும் போகும் என் தோட்டமும் சந்தி சிரிக்கும் என்றார். எதுவும் தப்பில்லை. அவர் சொன்னபடியே வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள், வழக்கு நடக்கிறது, அண்ணன் வீட்டுக்கு நான் போய் மாதக்கணக்காகிறது. இது எல்லாமே எனக்கு வேண்டியதுதான் என்று நினைக்கிறேன்.

ஆபீசில் இருந்த அதிகாரி தலை நரைத்த மனிதர், அதட்டாமல் பேசினார். ஆட்களோடு மேலே வந்து மிளாவைப் பார்த்தார், அம்பை உறையில் போட்டுக்கொண்டார், திரும்பி வந்து நான் சொல்லச் சொல்ல வாக்குமூலம் எழுதினார். குறிவைத்துத்தான் அடித்தேன் என்பதையும் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவர் நடுவில் பேனாவை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். பாவம், இந்தப் பொம்பளைக்கு ஏதாவது ஒன்று லேசாகட்டும் என்று நினைத்திருப்பார்.

"அடிபட்டதும் உடனே செத்திருக்கும்லம்மா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும்.

"இல்ல சார். அஞ்சு மணி நேரம் ஆச்சு. அதுல ரெண்டு மணி நேரம், வழி தெரிஞ்சவங்க பக்கத்துலயே இருந்து சொல்லியும், நான் கேக்காததால" என்றேன்.

அவர் முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டார்.