உச்சி வெயிலுக்கு ஒரு வேலை

ஏழாயிரம்பண்ணையில் வெயிலை வைவதில் வெள்ளைத்தாயை மிஞ்ச ஆள் கிடையாது. அதற்கு அவளுக்கு உரிமையும் உண்டு. கல்யாணமாகி வந்த மறுமாசமே பட்டாசுக் கம்பெனியில் மருந்து காயப்போடும் மேடைக்கு வேலைக்குப் போனவள். உள்ளங்கால் தோல் அங்கேதான் கெட்டிப்பட்டது. அவளே ஒருநாள் வெயிலுக்கு வக்காலத்து வாங்குவாள் என்று சொல்லியிருந்தால் ஊரே சிரித்திருக்கும். 2008இல் அதுதான் நடந்தது.

அந்த வருஷம் கரண்டு நினைத்தால் வரும், நினைத்தால் போகும். மகளிர் குழுப் பெண்கள் கம்பெனி விட்டு வந்து, சாயங்காலம் குழுக் கொட்டகையில் பட்டாசுக்கான காகிதக் குழாய் உருட்டுவார்கள். வெடிமருந்து கிடையாது, வெறும் காகிதமும் பசையும்தான். கரண்டு போனால் அந்தக் கூலியும் போச்சு. குழுவுக்குக் கடன் கிடைத்ததும் தலைவி மாரித்தாய் ஜெனரேட்டர் வாங்கலாம் என்றாள்.

வெள்ளைத்தாய் எழுந்துவிட்டாள். "பேப்பர் குமிச்சு வச்ச எடத்துல டீசலயும் கொண்டாந்து வைக்கவா? அதுக்குத் தெனமும் ஊத்த வேற செய்யணும். வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையிறோம். இம்புட்டு வருசம் நம்மள வறுத்தெடுத்த வெயிலு, நமக்கும் கொஞ்சம் வேலை பாக்கட்டுமே. சோலார் லைட்டு போடுவோம்."

"எரியாட்டி கடன யாரு கட்டுறது மதினி? மொதல்ல எரிச்சுக் காட்டுங்க" என்றாள் மாரித்தாய். நியாயமான கேள்விதான்.

வெள்ளைத்தாய் சாத்தூர்க் கடைக்காரரிடம் மன்றாடி ஒரு சோலார் பலகை, பேட்டரி, விளக்கு எல்லாம் இரவல் வாங்கி வந்தாள். காலையில் பலகையைக் கொட்டகை முன்னால் வெயிலில் சாத்திவிட்டு, வேலையில்லாமல் இருந்த புருஷன் ஊர்க்காவலனைக் காவல் வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் கரண்டு போனது. விளக்கு பளிச்சென்று எரிந்தது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆளுக்கு நாலு குழாய் உருட்டுவதற்குள் விளக்கு மங்கி, கண்ணை மூடிவிட்டது. கொட்டகை முழுக்கச் சிரிப்பு. வெள்ளைத்தாய் அவமானத்தோடு எழுந்தாள். நேரே வீட்டுக்குப் போய்ப் புருஷனைப் பிடித்தாள்.

"நான் நல்லாத்தான் பாத்துக்கிட்டேன் புள்ள. உச்சி வெயிலு ஏறுச்சு, தொட்டுப் பாத்தேன், சுட்டுச்சு. ஒடனே நெழலுக்குக் கொண்டுபோயி ஈரச் சாக்கப் போட்டு மூடிட்டேன்" என்றான் அவன் பெருமையாக.

அவனும் அந்த மேடையில் வெந்தவன்தான். வெயில் உச்சிக்கு ஏறுமுன் காயப்போட்டதை எல்லாம் நிழலுக்கு எடுத்துவிட வேண்டும். சூடேறினால் உயிருக்கு உத்தரவாதமில்லை. அந்தப் பழக்கத்தில் கை தானாகச் செய்துவிட்டது. வையத் திறந்த வெள்ளைத்தாயின் வாய் சிரித்துவிட்டது. தான் இருந்திருந்தாலும் தன் கையும் அதைத்தான் செய்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

திரும்பவும் கொட்டகைக்கு ஓடினாள். "சாக்குக்குள்ள கெடந்ததே இம்புட்டு நேரம் எரிஞ்சிருக்கு. முழு வெயிலு பட்டா எப்படி எரியும்? நாளைக்கு ஒரு நாள் பொறுங்க!"

மறுநாள் ஊர்க்காவலன் தலையில் துண்டோடு பலகை பக்கத்திலேயே உட்கார்ந்தான். போகிறவர் வருகிறவர் எல்லாம் பட்டாசுக்காரர்கள் அல்லவா? "ஏலே, உச்சி வெயில்ல போட்டுருக்கியே, உள்ள எடுலே!" என்று கத்தாதவர் இல்லை. "இது வெடிக்காதுய்யா, வெயிலத் திங்கிற சாமான்" என்று சொல்லிச் சொல்லி அவனுக்கு நாக்கு வறண்டது. தன் கையையே நம்பாமல் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் கரண்டு போனதும் விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. குழாய்கள் குவிந்தன. பக்கத்து வீட்டு டிவி சத்தம் போட்ட பிறகுதான் கரண்டு திரும்பி வந்ததே தெரிந்தது. ஒருத்தியும் கரண்டு விளக்கின் சுவிட்சைத் தேடி எழவில்லை.

"மதினி, நாளைக்குச் சாத்தூருக்கு நானும் வாரேன். ஜெனரேட்டரு வேணாம்" என்றாள் மாரித்தாய், உருட்டுகிற குழாயிலிருந்து தலை நிமிராமல்.

வெள்ளைத்தாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். நிலா வெளிச்சத்தில் மேற்கே ஒரு மேகம் மெல்ல ஏறி வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து வாயில் வந்தபடி வையத் தொடங்கினாள்.