வலது பக்கத்துப் பலகை

நீலோ ஹொலப்பாவுக்கு நல்ல வேகம் என்று யாரும் சொன்னதில்லை. அடி பிரமாதம் என்றும் சொன்னதில்லை. லம்பிவாரா மாதிரி, பேருந்து வந்து திரும்பிப் போகிற கடைக்கோடிக் கிராமத்துப் பையனைப் பற்றிப் பின்லாந்தில் யாரும் அவசரப்பட்டு எதையும் சொல்லிவிட மாட்டார்கள். ஆனால் அந்தப் பத்தொன்பது வயது வலது விங்கரிடம், அதாவது வலது ஓரத்து ஆட்டக்காரனிடம், ஒரு விசித்திரம் இருந்தது. ஐஸ் ஹாக்கியில் எதிரணி முற்றுகையிட்டுவிட்டால், தன் கோலருகே மாட்டிக்கொண்ட தற்காப்பு ஆட்டக்காரன் ரப்பர் வட்டை ஆடுகளத்தைச் சுற்றியிருக்கும் சுவர்ப்பலகையோடு உரசவிட்டு வேகமாக அனுப்புவான். அதை மறித்து வெளியே கொண்டுபோவது விங்கரின் வேலை. சரியாகச் செய்தால் ஒருத்தரும் கைதட்ட மாட்டார்கள், தவறவிட்டால் அரங்கம் முழுக்கத் திட்டும். வலது ஓரமாக வந்த வட்டு ஒன்றுகூட நீலோவைத் தாண்டியதில்லை. மட்டையில் சிக்காவிட்டால் காலை வைப்பான், கால் தவறினால் இடுப்பைக் கொடுப்பான், அதுவும் போனால் ஆளே குறுக்கே விழுவான்.

இந்த ஒன்றுக்காகத்தான் கடலோர நகரத்துப் பெரிய அணி அவனைக் கிறிஸ்துமஸ் வரை சோதனை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தது. தேறினால் சம்பளக்கார ஆட்டக்காரன். தேறாவிட்டால் கட்டாய ராணுவப் பயிற்சி, அது முடிந்ததும் அப்பாவின் டிராக்டர்.

டிசம்பர் தொடக்கத்தில் அணியின் இடது விங்கருக்கு மணிக்கட்டு முறிந்தது. கோச் தாய்ஸ்டோ நீலோவை இடது பக்கம் மாற்றினார். அங்கே ஆள் தலைகீழாகிவிட்டான். வட்டு வரும், இவன் பார்த்துக்கொண்டு நிற்பான், அது போய்விடும். அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில் அப்படிப் போன வட்டு கோலாகித் திரும்பியது. வலக்கை ஆட்டக்காரனுக்கு இடது பக்கம் வட்டை மட்டையின் பின்புறத்தால் வாங்க வேண்டியிருக்கிறது, அதனால்தான் என்று சக ஆட்டக்காரர்கள் ஆறுதல் சொன்னார்கள். தாய்ஸ்டோ ஒத்துக்கொள்ளவில்லை. உடை மாற்றும் அறையில் காபிக் கோப்பையோடு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கை மாறினா மட்டைதான்டா தடுமாறும். நீ வலது பக்கம் மட்டையாலயா நிறுத்துற? உடம்பால நிறுத்துற. இடது பக்கம் அந்த உடம்பு எங்க போச்சு?"

"தெரியல கோச்."

"பஸ்ஸுக்கு நிக்கிறவன் மாதிரி நிக்கிற."

"ஆமா கோச்."

"ஆமான்னா ஆச்சா? லீவுல ஊருக்குத்தான போற, உக்காந்து யோசி. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி மேனேஜர் எங்கிட்டதான் கேப்பாரு, இவனை வெச்சுக்கறதா வேணாமான்னு. நான் என்ன சொல்றது?"

தேசிய அணியின் போட்டிகளுக்காக லீக் சில நாள் நின்றது. ஊருக்குப் போகிற பேருந்தில் நீலோ தன்னைத்தானே பரிசோதித்துக்கொண்டே போனான். இடது கண்ணில் கோளாறோ என்று ஒரு கண்ணை மூடி, திறந்து, மறு கண்ணை மூடிப் பார்த்தான். எதிர் இருக்கைப் பெண்மணி பையை எடுத்துக்கொண்டு முன்வரிசைக்குப் போய்விட்டாள். முழங்காலை மடக்கி நீட்டினான், கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பினான். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. அதுதான் அவனைக் குடைந்தது.

நிறுத்தத்தில் அப்பா ஆர்வோ காத்திருந்தார். வீட்டுக்குக் கூட்டிப்போகாமல் நேரே பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த ஆடுகளத்துக்குக் கூட்டிப்போனார்.

"பாரு," என்றார்.

ஆடுகளத்தின் வலது பக்கம் புத்தம்புதுப் பலகைச் சுவர், மஞ்சள் பெயிண்ட் பளபளக்க நின்றது. நீலோவுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் திறந்தேதான் கிடந்தது. ஆர்வோ டிராக்டரால் பனியை வழித்து அந்த வழியாகத்தான் ஆற்றுச்சரிவில் தள்ளுவார். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் அம்மா கெர்ட்டு, "அந்தப் பக்கம் எப்பத்தான் பலகை அடிக்கப் போறீங்க?" என்று கேட்பாள். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்பார் ஆர்வோ. அவர் அப்படிச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகள் இரண்டும் வளர்ந்துவிட்டன.

"புரோ ஆட்டக்காரன் ஆடின எடம். பாக்கறவங்க என்ன நெனப்பாங்க? அதான் அடிச்சுட்டேன்," என்றார் இப்போது. இன்னும் சம்பளக்கார ஆட்டக்காரன் ஆகவில்லை என்று சொல்ல நீலோவுக்கு வாய் வரவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. விளக்கைப் போட்டுவிட்டு, தங்கை ஹில்லாவோடும் ஊர்ப் பிள்ளைகளோடும் ஆட இறங்கினான். வலது ஓரமாக ஹில்லா வட்டை விட்டாள். மட்டையில் சிக்கவில்லை. நீலோ உடம்போடு பாய்ந்து, முழங்கால் புதுப் பலகையில் மோதி விழுந்தான்.

ஹில்லா விழுந்து விழுந்து சிரித்தாள். "எதுக்குண்ணே இப்படிப் பாயுற? அதான் பலகை இருக்குல்ல. இனிமே எவனும் சரிவுல எறங்கி வட்டு தேட வேணாம்."

நீலோ எழுந்திருக்கவில்லை. பனித்தரையில் அப்படியே உட்கார்ந்து அந்தப் பலகையைப் பார்த்தான். பிறகு இடது பக்கத்துப் பழைய பலகையைப் பார்த்தான். ஊரில் பக்கம் மாறி ஆடும் வழக்கம் இல்லை; நீலோ எப்போதும் ஒரே திசையில்தான் ஆடியிருக்கிறான். இடது பக்கம் வட்டு போனால் பலகையில் முட்டி, மூலையில் குவிந்த பனியில் சொருகி நிற்கும். ஆற அமரப் போய் எடுத்துக்கொள்ளலாம். வலது பக்கம் போனால் சரிவில் உருண்டு ஆற்றோரப் புதருக்குள் போய்விடும். தாண்டவிட்டவன் இடுப்பளவு பனியில் இறங்கி எடுத்து வர வேண்டும். அதுவரை மற்றவர்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு அவன் பரம்பரையையே திட்டுவார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் நீலோ பேச்சை எடுத்தான். "அப்பா, இடது பக்கப் பலகையக் கழட்டணும்."

ஆர்வோ கரண்டியைக் கீழே வைத்தார். "என்னடா சொல்ற? வாழ்க்கையில ஒரே ஒரு பக்கம் அடிச்சு முடிச்சிருக்கேன். பெயிண்ட்டு வாசனகூடப் போகல, அதுக்குள்ள மறு பக்கத்தத் தெறக்கணுமா?"

நீலோ எல்லாவற்றையும் சொன்னான், கோச் கேட்டதிலிருந்து ஒப்பந்தம் ஊசலாடுவது வரை. ஆர்வோ சூப்புக் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளினார்.

"அப்ப நான் பலகை அடிக்காம விட்டதுதான்..."

"ஆமாப்பா."

"இத உங்கம்மாவப் பாத்து இன்னொரு தடவ சொல்லு."

மறுநாள் காலை இடது பக்கப் பலகைகள் கழன்று விழுந்தன. ஊர்ப் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். அந்தப் பக்கம் பெரிய பள்ளம், அதுவரை பெய்த பனி முழுக்க வழிக்கப்படாமல் அதில் கிடந்தது. விடுமுறை முடியும்வரை நீலோ இடது ஓரத்தில் நின்றான், தாண்டவிட்டான், இறங்கித் தேடினான். ஸ்கேட்ஸ் காலணிக்குள் பனி புகுந்து காலெல்லாம் மரத்துப்போயிற்று. தன்னைவிடப் பாதி உயரப் பிள்ளைகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். சில நாளில் பழக்கம் மாறுமா என்றால், மாறாது. ஆனால் பயம் வந்துவிடும்.

திரும்பிப் போன முதல் ஆட்டத்தில் இடது பக்கம் ஒரு வட்டு தாண்டியது. அடுத்ததில் ஒன்றும் தாண்டவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய கடைசி ஆட்டத்தில், ஒரு கோல் முன்னிலையில், கடைசி நிமிடத்தில் தாய்ஸ்டோ அவனை இடது பக்கம் அனுப்பினார். வட்டு பலகையோடு சீறிக்கொண்டு வந்தது, மட்டையைத் தப்பியது. பின்னால் பள்ளமும் பனியும் இருப்பதாகவே நீலோவின் உடம்பு பதறியது. இடுப்பைக் கொடுத்து, எதிராளியோடு சேர்ந்து பலகையில் நசுங்கி, வட்டைக் காலாலேயே வெளியே தள்ளினான். ஆட்டம் முடிந்த சங்கு ஊதியது.

"கண்டுபிடிச்சியா?" என்று உடை மாற்றும் அறையில் கேட்டார் தாய்ஸ்டோ.

"ஆமா கோச். எங்கப்பா அடிக்காத பலகை."

தாய்ஸ்டோ காபியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "மொதல்லேர்ந்து சொல்லு."

இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டான். அம்மாதான் எடுத்தாள். கேட்டதும் அவளுக்குக் குரல் உடைந்தது, ஆனால் விடவில்லை. "ஏங்க, உங்க சோம்பேறித்தனத்துக்கு ரெண்டு வருஷ ஒப்பந்தம் குடுத்திருக்காங்க," என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். ஆர்வோ ஓடி வந்து தொலைபேசியை வாங்கினார். வாழ்த்தெல்லாம் அவருக்கு வராது.

"இடது பக்கப் பலகைய எப்படா மாட்டறது?" என்றார்.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்ப்பா," என்றான் நீலோ.