மழைக்கு இல்லாத ரோடு

ஜெபமணி அண்ணாச்சி இறந்துவிட்டார்.

முந்தாநாள் காலையில் அவர் மனைவி எஸ்தர் மதினி போன் செய்து, "அவிய போயிட்டாவம்மா" என்றார்கள். அப்புறம் போனில் மழைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

கோவில்பட்டியில் மோட்டார் காயில் கட்டும் கடையில் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் போன் எடுப்பேன், பில் போடுவேன். அண்ணாச்சி ஒரு ஓட்டை மொபெட்டில் ஊர் ஊராகப் போய்க் கிணற்று மோட்டார் ரிப்பேர் பார்ப்பார்.

போகிற இடத்திலெல்லாம் போனில் மேப்பைத் திறந்து எதையாவது சேர்த்துக்கொண்டே இருப்பார். டீக்கடை, ரேஷன் கடை, சர்ச், பஸ் நிற்கிற வேப்பமரம்... யாரும் கேட்கவில்லை, யாரும் காசு தரவில்லை. பாயிண்ட் மட்டும் வரும். பாயிண்ட் சேர்ந்தால் லெவல் ஏறும்.

"அண்ணாச்சி, அந்தக் கம்பெனிக்காரன் உங்களுக்கு என்ன சம்பளம் தாரான்?" என்று சீண்டுவேன்.

"அடுத்த லெவல் வந்துட்டேன்மா. நீ வேணா பாரு, நம்ம தாலுகாலயே நாந்தான் மொத ஆளு!"

அன்றைக்குக் கடையில் எல்லோருக்கும் வடை. அப்படி ஒரு சந்தோஷம் அந்த மனுஷனுக்கு.

அந்த ரோட்டையும் அப்படித்தான் சேர்த்தார். ஒரு பங்குனி மாதம். கழுகுமலை ரோட்டிலிருந்து இடதுபக்கம் பிரிந்து, கரிசல் காட்டுக்குள் புகுந்து, அவருடைய ஊருக்குப் போகிற வண்டிப்பாதை. வெயிலில் சிமெண்ட் தரை மாதிரி இறுகிக் கிடக்கும். மொபெட்டில் போய்க்கொண்டே வரைந்து, போட்டோவும் எடுத்துப் போட்டார். நல்ல பாயிண்ட் வந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது.

அவர் தெருவில் ஒரு பெரியவருக்கு மூச்சுத்திணறல். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக டவுனிலிருந்து வாடகைக் காரை வரச்சொன்னார்கள். டிரைவர் புது ஆள். மேப் இடதுபக்கம் திரும்பச் சொன்னது, திரும்பிவிட்டார். பாதி தூரத்தில் கரிசல் சேறு சக்கரத்தை முழுசாக விழுங்கிவிட்டது. டிராக்டர் வைத்துக் காரை இழுத்து வெளியே கொண்டுவந்தபோது, வீட்டில் பெரியவர் காத்திருந்து காத்திருந்து... முடிந்துபோனது.

கயிறு கட்டி இழுத்தவர்களில் அண்ணாச்சியும் ஒருவர். டிரைவர் கையிலிருந்த போனில் அந்தப் பாதை நீலக் கோடாகத் தெரிந்ததாம்.

மறுநாள் கடைக்கு வந்து டீயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார், குடிக்கவில்லை.

"அந்த ரோட்டப் போட்டது நாந்தாம்மா. பாயிண்ட்டுக்கு ஆசப்பட்டுப் போட்டேன். மழை பெஞ்சா அது ரோடே இல்லன்னு எனக்குத் தெரியாதா? கரிசல்ல பொறந்தவன்லா நானு..."

ஆறிப்போன டீயை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தேன்.

அதற்கப்புறம் அதை எடுக்கச் சொல்லி மேப் கம்பெனிக்கு எழுதிக்கொண்டே இருந்தார். "உங்கள் தகவலை உறுதிசெய்ய முடியவில்லை." ஒவ்வொரு தடவையும் இதே பதில்தான். வெயில் காலத்தில் அதில் டூவீலர் போகிறதே, அவர்களுக்கு அது போதும் போல. மற்றபடி வேறு எதையும் சேர்ப்பதை அடியோடு விட்டுவிட்டார். வடையும் நின்றுபோனது.

அந்தச் சமயம் பார்த்து ஒரு பார்சல் வந்தது. மேப்புக்கு அவர் செய்த சேவைக்குப் பரிசு. பிரித்துப் பார்த்தால் ஒரு ஜோடி சாக்ஸ். ஆரஞ்சு கலர். வாழ்நாளில் ஷூ போடாத மனிதருக்கு!

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கடையில் கிடந்த வேஸ்ட் துணியை அதற்குள் திணித்துக்கொண்டே, "இது தூரத்துல இருந்தே தெரியும்லா?" என்று மட்டும் கேட்டார்.

அதைக் கொண்டுபோய் அந்தப் பிரிவில் நிற்கிற உடைமரத்தில் கட்டிவிட்டார். மழை வந்தால் அவரும் அங்கே போய் நின்றுவிடுவார். வருகிற வண்டியை எல்லாம் மறித்து, "அங்கன போகாதீய, நேரா போங்க" என்று திருப்பி அனுப்புவார்.

நான் கல்யாணமாகி மதுரைக்கு வந்த பிறகும் இந்த வேலையை அவர் விடவில்லை.

"இந்த மழைக்குப் போகாதீய, காய்ச்சல் அடிக்குதுன்னு சொன்னேன்மா. அவிய கேக்கலயே..." என்று மதினி நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நனைந்து வந்து படுத்தவர்தான்.

நேற்று அடக்கத்துக்குக் காரில் போனோம். நல்ல மழை. வீட்டுக்காரர்தான் ஓட்டினார். கழுகுமலை ரோட்டில் போன் சத்தமாகச் சொன்னது: "இடதுபுறம் திரும்பவும்."

அவர் வண்டியைத் திருப்பினார். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

உடைமரத்தில் இரண்டு கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. நனைந்து, காற்றில் மெதுவாக, நடக்கிற மாதிரி ஆடிக்கொண்டு...

கத்திவிட்டேன். வண்டி நின்றது. அது சாக்ஸ் என்று அப்புறம்தான் புரிந்தது. கீழே யாரும் இல்லை. அண்ணாச்சி நிற்கிற இடத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

நேராகப் போனோம்.

இதையெல்லாம் எழுதலாமா என்று மதினியிடம் கேட்டேன். "எழுதும்மா. ஒளிச்சு வச்சு என்ன செய்ய? அந்த ரோட்ட எடுக்கணும்லா. இனி மழைக்கு யாரு அங்கன நிக்கது?" என்றார்கள்.

அதனால்தான் எழுதுகிறேன். மேப்பில் அந்த இடத்தின் படத்தைக் கமெண்டில் போட்டிருக்கிறேன். முடிந்தவர்கள் எல்லோரும் அது மழைக்காலத்தில் ரோடு இல்லை என்று ரிப்போர்ட் செய்யுங்கள். ராத்திரி நான் செய்தேன். உடனே பதில் வந்தது: "நன்றி! நீங்கள் புள்ளிகள் பெற்றுள்ளீர்கள்."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

இங்கே மதுரையிலும் இப்போது தூறுகிறது. ஊரில் பலத்த மழையாம்.

அண்ணாச்சி, நல்லாத் தூங்குங்க. மழைச் சத்தம் கேட்டா எந்திரிச்சுப் போயிராதீய...