சாலைக்குக் கீழே ஒரு பட்டறை

எங்கள் வீட்டுக்கு அடியில் யாரும் பள்ளம் தோண்டவில்லை. சாலைதான் மேலே ஏறியது. பூந்தமல்லிப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒவ்வொரு முறை தார் போட வரும்போதும், பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுங்கள் என்று தெருவே நின்று கத்துவோம். "சரிம்மா, சரிம்மா" என்பார்கள். பழையதன் தலையிலேயே புதியதைக் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நான் கல்யாணமாகி வந்தபோது படியேறி வீட்டுக்குள் நுழைந்தேன். இன்று அதே வாசலில் படி இறங்க வேண்டும். சன்னலில் நின்று பார்த்தால் போகிறவர்களின் செருப்பும் வண்டி டயரும்தான் தெரியும். மாடி கட்டி மேலே குடியேறிவிட்டோம். கீழே இருந்த ஒற்றைப் பெரிய அறையும் அதன் பின்னால் இருந்த குளியலறையும் சும்மா கிடந்தன.

சும்மா கிடந்தன என்று சொன்னால் என் பிள்ளையே சிரிப்பான். காலை வைக்க இடமில்லாமல் சாமான் கிடந்தது. தண்ணீர்ப் பஞ்சத்தில் லாரிக்குப் பின்னால் ஓடி ஓடிப் பிடித்த பிளாஸ்டிக் குடங்கள், மிக்சி வந்த அட்டைப்பெட்டி, மிக்சி போன பிறகும் அந்தப் பெட்டி, பெயின்ட் டப்பாக்கள், பிள்ளையின் காதணி விழாவுக்கு அடித்த ஃபிளெக்ஸ் பேனர், தூர்ந்துபோன கிணற்றின் ராட்டினம், காலுடைந்த நாற்காலிகள், ஒரு இரும்புக் கட்டில், என் அம்மா வீட்டுச் சீராக வந்த பீரோ. எல்லாம் நான் சேர்த்தவை. குப்பை என்று யாராவது சொன்னால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். மறுபடியும் பஞ்சம் வந்தால் குடத்துக்கு யார் வீட்டில் போய் நிற்பது?

இந்த அறையைத்தான் என் நாத்தனார் கேட்டாள். என் கணவரின் தங்கை. கட்டிக்கொடுத்த இடம் சரியில்லாமல் திரும்பி வந்தவள். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் சுற்றும் கம்பெனியில் வேலை பார்த்தாள். அந்தக் கம்பெனி ஒரகடத்துக்கு அப்பால் எங்கோ போய்விட்டது. கூடவே போக முடியாத பெண்களையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். ஜவுளிக்கடையில் நிற்கப் போ, ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் உட்காரப் போ என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அவள் எதற்கும் போகவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "என் கை மறந்துடும் அண்ணி" என்றாள். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த விரல்களைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அவளிடம் ஒரு பழக்கம். திரும்பி வந்த நாளிலிருந்து எதைத் தொட்டாலும் கேட்பாள். "அண்ணி, கொஞ்சம் காப்பித்தூள் எடுத்துக்கவா?" "அண்ணி, ஃபேன் போட்டுக்கவா?" அவள் பிறந்து வளர்ந்த வீடு அது. நான்தான் வந்து சேர்ந்தவள். கேட்காதேடி என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். திட்டினால், "சரி அண்ணி, இனிமே கேக்கல. இந்த டம்ளரக் கழுவி வச்சிடவா?" என்பாள்.

அப்படிப்பட்டவள் தன் அண்ணனிடம் போய், "கீழ் ஊட்டுல ஒரு பட்டறை போட்டுக்கவா?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவர். அந்த அறையைக் கேன் தண்ணீர்க்காரருக்குக் குடோனாக விடலாம் என்று ஏற்கெனவே அரைவாசி பேசி வைத்திருந்தார்.

"கேனுக்குத் தண்ணியப் பாத்தா பயம் கெடையாது. உன் மோட்டாருக்குக் கீதே. ஐப்பசியில உள்ள பூந்துச்சுன்னா இன்னா பண்ணுவ?" என்றார்.

"பாத்துக்குறேன்ணா."

"இன்னாத்தப் பாத்துக்குவ? சரி, மழை முடியட்டும். உன் சாமான் நனையாம நின்னுச்சுன்னா ஊடு உனக்கு. நனைஞ்சா, தை பொறந்ததும் கேன்காரருக்கு. அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு திரியக் கூடாது."

அவள் தலையை ஆட்டினாள். மழை வந்தால் அந்த அறையில் தண்ணீர் நிற்கும் என்பது தெருநாய்க்குக்கூடத் தெரியும்.

வேறு யாராக இருந்தாலும் தரையை மேடாக்கத்தான் பார்த்திருப்பார்கள். எங்கள் தெருவின் வழக்கமே அதுதான். இடித்த வீட்டு ரப்பீஷ் வாங்கிக் கொட்டி, அதன்மேல் சிமென்ட் பூசி, கடைசியில் மின்விசிறி தலையில் இடிக்கிற உயரத்தில் குடித்தனம் நடத்துவோம். வசதி இருப்பவர்கள் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். அவள் கையில் காசும் இல்லை, மனதில் அந்த எண்ணமும் இல்லை. சாமான்களுக்கு நடுவில் நின்று வெகுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். "தரை தண்ணிக்கு அண்ணி. அத்தோட மல்லுக்கட்ட முடியாது. மேல இருக்குறது போதும் நமக்கு" என்றாள்.

குமணன்சாவடியில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் பாய் வந்து சாமான்களைப் பார்த்தார். எடை போடத் தராசை எடுத்தவரிடம் அவள், "காசு வேணாம் பாய், பொருளாக் குடுங்க" என்றாள். என் ஓட்டைக் குடங்களும் ஒடிந்த நாற்காலிகளும் போய், துளை போட்ட இரும்புச் சட்டங்களும் சங்கிலியும் வந்தன. நல்ல குடங்களை நான் விடவில்லை. இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டேன். பாய் என்னைப் பார்த்து, "விடும்மா, அது உன் பேங்கு பேலன்ஸு" என்று சொல்லிச் சிரித்தார்.

அதன் பிறகு அவள் செய்த ஒவ்வொன்றையும் நான் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். சட்டங்களைச் சுவரில் தோள் உயரத்துக்கு அடித்து அலமாரி ஆக்கினாள். மின்சாரக் கம்பியைக் கூரையிலிருந்து இறக்கி, சுவிட்சுப் பெட்டியைத் தலைக்கு மேலே வைக்கச் செய்தாள். காதணி விழா பேனரை வெள்ளைப் பக்கம் வெளியே தெரியத் திருப்பி, ஓதம் அடிக்கும் சுவரில் கட்டினாள். வெளிச்சம் பட்டால் உள்ளே என் பிள்ளை மொட்டைத் தலையோடு இடவலம் மாறி மங்கலாகச் சிரிக்கிறான். பெயின்ட் டப்பாக்களைக் கழுவி, பருமன்வாரியாகச் செப்புக் கம்பிச் சுருள்களைப் போட்டு உத்தரத்தில் தொங்கவிட்டாள். கட்டில்தான் வேலை மேசை. அதன் நான்கு மூலையிலும் சங்கிலி மாட்டி, நடுவில் ஒரு வளையத்தில் சேர்த்து, அந்த வளையத்திலிருந்து ஒரு கயிற்றைக் கூரைக் கொக்கியில் மாட்டிய கிணற்று ராட்டினத்தின் வழியாகச் சன்னல் கம்பிக்குக் கொண்டுவந்தாள். சாதாரண நாளில் கட்டில் காலூன்றி நிற்கும். கயிற்றை இழுத்தால் மேலே போகும். அவ்வளவுதான் கணக்கு. இந்த யோசனை நம் மண்டைக்கு ஏன் வரவில்லை என்று நான் அன்றைக்கு முழுக்க முனகிக்கொண்டிருந்தேன்.

பீரோவில்தான் எங்களுக்குள் தகராறு வந்தது. சுற்றிய காயிலை வார்னிஷில் முக்கினால் சூட்டில் வைத்துக் காயவைக்க வேண்டும். கம்பெனியில் அதற்குப் பெரிய அடுப்பு இருந்ததாம். இங்கே அவள் கண் என் பீரோ மேல் விழுந்தது. பழைய வெள்ளத்தில் நின்று அதன் அடிப்பாதி துருவேறிப் பொரபொரவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. "அண்ணி, இத்த ரெண்டா வெட்டி மேல் பாதிய எடுத்துக்கவா?" என்றாள்.

நான் மாடிக்குப் போய்விட்டேன். அன்று சமையலறையில் பாத்திரங்கள்தான் பேசின. என் அம்மா தவணை கட்டி வாங்கிக்கொடுத்தது. என் முகூர்த்தப் புடவை அதில்தான் இருந்தது. வெட்டவாம்!

மறுநாள் அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அட்டைப்பெட்டியில் ஒரு பல்பைத் தொங்கவிட்டு எப்படியோ காயவைக்கப் பார்த்தாள். பெட்டி கருகிப் புகைந்தது. புகை மாடிக்கு வந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். கருகிய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, திருட்டு முழி முழித்தாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "வெட்டித் தொலை. கண்ணாடி உடையாம வெட்டு" என்றேன்.

"அழுகுன பாதிதான் போவுது அண்ணி. மேல நல்லாத்தான் கீது" என்றாள். நல்லாத்தான் இருந்தது. துருவை விட்டுவிட்டுச் சுவரில் சட்டம் அடித்து ஏற்றியதும், புதுப் பீரோ போலக் கம்பீரமாக நின்றது. உள்ளே புடவை தொங்கிய கம்பியில் குண்டு பல்புகள். நான் பொட்டு ஒட்டிவைத்த கண்ணாடி அப்படியே கதவில் இருந்தது.

மழைக்கு முன்னால் என் வீட்டுக்காரரும் ஒரு காரியம் செய்தார். வாசற்படியில் சிமென்டால் ஒரு தடுப்பு கட்டினார். தெருவில் யார் தடுப்பு உயரம் என்று ஆண்களுக்குள் ஒரு போட்டியே நடக்கும். எங்களுடையதுதான் உயரம். அதன்மேல் நின்று மீசையைத் தடவிக்கொண்டார். "பின்னால பாத்ரூம் கீதேண்ணா, அந்த வழியா வந்துச்சுன்னா?" என்று தங்கை கேட்டாள். "நைனா காலத்துலேர்ந்து தண்ணி வாசல் வழியாத்தான் வருது. பேசாம இரு" என்றார். அந்த நைனா, என் மாமனார், இருந்த காலத்தில் எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை இல்லை என்பதை அவரும் மறந்தார், எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு காலை, இடைவிடாமல் கொட்டியது. முதலில் கரண்ட்டை நிறுத்தினார்கள். தெருவில் தண்ணீர் ஏறியது. தெருவின் ஆண்களெல்லாம் அவரவர் தடுப்பைக் காவல் காத்துக்கொண்டு குடையும் பக்கெட்டுமாக நின்றார்கள். எங்கள் வீட்டுக்காரர், "பாத்தியா மாமே, ஒரு சொட்டு உள்ள போவல" என்று எதிர்வீட்டுக்காரரிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். அப்போது கீழேயிருந்து, "அண்ணி!" என்று ஒரு குரல்.

ஓடினேன். குளியலறை ஓட்டை வழியாகப் பாதாளச் சாக்கடைத் தண்ணீர் பொங்கிப் பொங்கி வந்துகொண்டிருந்தது. கறுப்புத் தண்ணீர், நாற்றம். கணுக்காலைத் தாண்டிவிட்டது. அவள் மணல் மூட்டையை அமுக்கிப் பார்த்தாள். தண்ணீர் மூட்டையின் ஓரம் வழியாகப் பீறிட்டது. கட்டிலின் மேல், எஸ்டேட்டிலிருந்து நம்பி அவளிடம் கொடுத்த முதல் வேலை இருந்தது. சுற்றி முடித்து, இன்னும் வார்னிஷ் காணாத காயில்கள். நனைந்தால் அத்தனையும் பாழ், பேரும் போய்விடும்.

"இழுங்க அண்ணி."

இருவரும் கயிற்றைப் பிடித்தோம். பாரம் அசையவில்லை. என் உள்ளங்கை எரிந்தது. அவள் பின்னால், நான் முன்னால், சுவரில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தோம். ராட்டினம் கிறீச்சென்றது. கிணற்றில் நீர் இறைத்த நாளில் கேட்ட அதே சத்தம். கட்டில் ஒருபுறம் சாய்ந்து, ஆடி, நேராகி, மேலே கிளம்பியது. இன்னும், இன்னும் என்று அவள் சொல்லச் சொல்ல இழுத்தேன். சன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டதும் இருவரும் முழங்கால் தண்ணீரில் நின்றபடி தலைக்கு மேலே ஆடும் கட்டிலை அண்ணாந்து பார்த்தோம். அவள் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை வந்தது. வந்தால் என்ன, முகமெல்லாம் ஏற்கெனவே தண்ணீர்தான்.

என் வீட்டுக்காரர் தடுப்பைத் தாண்டி எட்டிப் பார்த்தார். வெளியே அவர் காத்த தண்ணீர் வெளியேயே நின்றது. உள்ளே முழங்கால் அளவு. அலமாரி, டப்பா, பீரோ, கட்டில் எல்லாம் தண்ணீருக்கு மேலே காய்ந்து கிடந்தன. பிறகு பக்கெட்டைத் தங்கையிடம் நீட்டி, "நான் மொண்டு ஊத்துறேன், நீ மேல போய் டீ குடி" என்றார். அது போதாதா? அந்த மனுஷர் வாயால் தோற்றேன் என்று சொல்லி நான் இதுவரை கேட்டதில்லை.

அவர் கட்டிய தடுப்பால் உள்ளே வந்த தண்ணீரை வெளியே தள்ளவும் வழியில்லை. அவரே மொண்டு மொண்டு அதைத் தாண்டி ஊற்றினார். எதிர்வீட்டு மாமே குடை பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

மழை விட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டு அவள் தரையைத் தேய்த்துக் கழுவினாள். கரண்ட் வந்ததும் தெருவில் வீட்டுக்கு வீடு மோட்டார் சுவிட்சைப் போட்டார்கள். எதுவும் ஓடவில்லை. தரையோடு தரையாக வைத்திருந்த மோட்டார்கள் எல்லாம் தண்ணீர் குடித்திருந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்கள். என் பீரோவில் பல்புகள் அணையாமல் எரிந்தன. கதவைத் தொட்டால் காய்ச்சல் கண்ட நெற்றி மாதிரி இதமாகச் சுட்டது.

ஒரு மதியம் கேன் தண்ணீர்க்காரர் வந்தார். அவருடைய மோட்டாரும் போய்விட்டதாம். தோளில் அதைச் சுமந்துகொண்டு, மாடிப்படியில் நின்ற என்னிடம், "கீழ எறங்கலாமாக்கா?" என்று கேட்டார். அந்த அறையைக் குடோனுக்கு அளந்து பார்த்துவிட்டுப் போனவர், இப்போது வாசலில் தயங்கி நின்றார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன்.

கீழேயிருந்து அவள் குரல் வந்தது. "வரச் சொல்லுங்க அண்ணி. செருப்ப வெளிய கழட்டிட்டு வரச் சொல்லுங்க, இப்பத்தான் கழுவி விட்டேன். அப்டியே எனக்கு ஒரு டீ போட்டு அனுப்புங்க."

வரச் சொல்லவா என்று கேட்கவில்லை. எடுத்துக்கவா என்று கேட்கவில்லை. நான் கேன்காரரிடம் செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு, டீ போட உள்ளே போனேன்.